லேத் முனையில் எட்டுப் பாகை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழைக்குப் பெருகிக் கோடையில் வற்றும் வழுக்கையாறு ஒன்றுதான் பெயருக்கு ஆறு. சுன்னாகம், இணுவில், கோப்பாய், புத்தூர் என்று செம்மண் பரப்பு முழுவதும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவது, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய கிணற்று நீரால். அந்த நீரை மேலே கொண்டுவருவது இறைப்பு மெசின். அதன் சாப்ட் தேய்ந்துவிட்டால், புஷ் ஆடத் தொடங்கிவிட்டால், பயிர் வாடுவதற்குள் யாராவது அதைச் சரிசெய்தாக வேண்டும். அந்த யாராவது, பெரும்பாலும் பக்கத்துச் சந்தியில் இருக்கும் லேத் பட்டறைக்காரர்.

அவரிடம் வரும் வேலைக்கு வரைபடம் கிடையாது. உடைந்த துண்டு இரண்டும், தேய்ந்த புஷ் ஒன்றும், "பின்னேரத்துக்குள்ள வேணும் அண்ணை" என்ற ஒரு வசனமும்தான் வரும். வந்தது உருக்கா, வார்ப்பிரும்பா, கன்மெட்டலா என்று பார்த்ததும் அவர் நேரே லேத்துக்குப் போவதில்லை. மூலையில் இருக்கும் கிறைண்டருக்குப் போகிறார். லேத்தின் கட்டரான, விரல் நீளமுள்ள ஒரு சதுர உருக்குக் கம்பியின் நுனியைச் சாணைக்கல்லில் பிடித்து, அதற்குச் சில பாகை சரிவு கொடுக்கிறார். வேலையின் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் இதைக் கைப்பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். உண்மையில் அந்த நுனியில் இருப்பது வடிவியலும் உலோகவியலும்.

லேத் கட்டர் உலோகத்தைப் பிளப்பதில்லை. முனைக்கு முன்னால் உள்ள உலோகம் அமுங்குகிறது; ஒரு சாய்வான தளத்தில் வழுக்குகிறது; பிறகு கட்டரின் மேல்முகத்தில் ஏறிச் சுருளாக வெளியேறுகிறது. அமெரிக்கப் பொறியியலாளர் யூஜின் மெர்ச்சன்ட் 1940களில் இந்த வழுக்கலைக் கணிதச் சமன்பாடுகளாக்கினார். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கச் சமன்பாடு தேவையில்லை. வெளிவந்த சுருளை எடுத்து அதன் தடிப்பை அளந்தால் போதும்: கட்டர் சீவி எடுத்த படையைவிடச் சுருள் தடிப்பாக இருக்கும், நீளம் குறைந்திருக்கும். உலோகம் நசுங்கித்தான் வெளியே வந்திருக்கிறது. இந்த நசுங்கலிலும் உராய்விலும் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுருளே கொண்டுபோய்விடும். மிச்சம் கட்டரின் நுனிக்குள்ளும் வேலைத் துண்டுக்குள்ளும் இறங்கும்.

குடாநாட்டில் கூர்மைக்குப் பேர்போனது, பனையேறும் சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி. பாளையை நாள்தோறும் மெல்லிய படையாகச் சீவுவதற்கு, தீட்டித் தீட்டி மெலிந்த அந்த வாய் வேண்டும். அதே மெல்லிய வாயை லேத்தில் மாட்டி உருக்கின் மீது வைத்தால் உடனே உதிர்ந்துபோகும். வெட்டும் விசையைத் தாங்கவும், நுனியில் சேரும் வெப்பத்தை உடலுக்குள் கடத்தவும் அங்கே சதை வேண்டும். ஆகவே மைல்ட் ஸ்டீல் கடையும் கட்டரின் முனை ஏறக்குறைய 70 பாகை கொண்ட தடித்த ஆப்பாக இருக்கிறது. ஒரு செங்கோணத்தில் மீதமுள்ள 20 பாகையை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் சாணை பிடிப்பவரின் முழுக் கணக்கு.

அந்தப் பங்கீட்டில் முதலாவது 'கிளியரன்ஸ்'. கட்டரின் முன்முகமும் பக்கமுகமும் வெட்டும் விளிம்பிலிருந்து கீழே போகப் போக உள்நோக்கிச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு தொடுமுன்னே வயிறு தொட்டுவிடும். கட்டர் வெட்டாது, உரசும். இதற்கு 6 முதல் 10 பாகை வரை போதும். எட்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். இரண்டாவது 'றேக்', அதாவது சுருள் ஏறிப்போகும் மேல்முகத்தின் சரிவு. சரிவு கூடினால் உலோகம் இலகுவாக வழுக்கும், விசை குறையும், ஆனால் முனை மெலியும். மைல்ட் ஸ்டீலுக்குப் பக்கச் சரிவு 12 முதல் 14 பாகை. அலுமினியத்துக்கு 15க்கும் மேலே போகலாம். அது ஒட்டிக்கொள்ளும் உலோகம் என்பதால் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட வேண்டும். வார்ப்பிரும்புக்கு ஐந்து பாகை அளவு போதும். அதற்குள் காரீயத் தகடுகள் கிடப்பதால் சுருள் நீளாமல் தூளாக உதிர்கிறது.

பித்தளைதான் புதியவர்களை ஏமாற்றும். மென்மையான உலோகம்தானே என்று கூர்மையான கட்டரை வைத்தால், பித்தளை அதைத் தன் உள்ளே இழுக்கும். லேத்தின் திருகாணியில் உள்ள தளர்வு அளவுக்குக் கட்டர் முன்னே பாயும். வேலைத் துண்டில் குழி விழும், மெல்லிய துண்டாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து பிடுங்கி எறியும். மேல்முகத்தின் சரிவு பூச்சியமாக இருந்தால் இந்த இழுப்பு இல்லை. எனவே உருக்குக்குத் தீட்டிய கட்டரைப் பித்தளைக்கு மாற்றும்போது, அனுபவசாலிகள் மேல்விளிம்பில் எண்ணெய்க்கல்லால் ஒரு மெல்லிய தட்டை முகத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். அரை மில்லிமீற்றர் அகலம் கூடத் தேவையில்லை. அந்தச் சிறு முகம் கட்டரின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

இவ்வளவு கவனமாகக் கொடுத்த எட்டுப் பாகையை, கட்டரைத் தவறான உயரத்தில் மாட்டினால் நொடியில் இழக்கலாம். கட்டரின் நுனி சாப்டின் மையக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாப்டில் நுனி ஒரு மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால், கிளியரன்ஸில் சுமார் 2.3 பாகை குறையும். அது பெரிய கேடில்லை. 10 மில்லிமீற்றர் சாப்டில் அதே ஒரு மில்லிமீற்றர் 11.5 பாகையைத் தின்றுவிடும். கொடுத்த எட்டும் போய், கட்டரின் வயிறு சாப்டில் உரசத் தொடங்கும். மாணவர் கட்டர் மழுங்கிவிட்டதென்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சாணைக்கு ஓடுவார். கட்டரை உயர்த்த அடியில் வைத்த தகரத் துண்டு ஒன்றை எடுத்தாலே சரியாகியிருக்கும். வட்டத்தின் மையமும் சைன் கோணமும் பாடசாலையில் ஏன் படித்தோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை வேறு இல்லை.

நுனியை ஊசிபோல விடாமல் சிறிது உருட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டர் நகர நகர சாப்டில் நுண்ணிய வரிகள் விழுகின்றன. ஒரு சுற்றுக்குக் கட்டர் நகரும் தூரத்தை வர்க்கமாக்கி, நுனி ஆரையின் எட்டு மடங்கால் பிரித்தால் அந்த வரிகளின் ஆழம் கிடைக்கும். ஆரை 0.8 மில்லிமீற்றர், நகர்வு 0.2 மில்லிமீற்றர் என்றால் ஆழம் சுமார் 6 மைக்கிறோன். நகர்வைப் பாதியாக்கினால் ஆழம் கால்வாசியாகி ஒன்றரை மைக்கிறோனுக்கு இறங்கும். பம்பு சாப்டில் எண்ணெய்ச் சீல் உட்காரும் இடம் வழவழப்பாக இருந்தால்தான் அந்த றபர் நீண்ட நாள் உழைக்கும்.

இனி, அந்தச் சதுரக் கம்பி எதனால் ஆனது என்ற கதை. 1868இல் இங்கிலாந்தின் றொபேர்ட் மஷெற் தங்குதன் கலந்த உருக்கைச் செய்தார். அதுவரை பட்டறைகள் நம்பியிருந்த காபன் உருக்கு 200, 250 பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகிவிடும். ஆகவே மெதுவாகத்தான் கடைய முடிந்தது. 1898 முதல் அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் பிரெடெரிக் டெய்லரும் மோன்சல் வைட்டும் இத்தகைய கலப்புருக்கை உருகுநிலைக்கு அருகே வரை சூடாக்கிப் பதப்படுத்திப் பார்த்தார்கள். கட்டரின் நுனி செக்கச் சிவந்த பிறகும் வெட்டியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டியபோது ஐரோப்பியப் பொறியியலாளர்கள் வியந்து நின்றார்கள். ஹைஸ்பீட் ஸ்டீல், சுருக்கமாக எச்.எஸ்.எஸ்., பிறந்தது அப்படி. பின்னாளில் நிலைத்த அதன் பழைய கலவையில் தங்குதன் 18 வீதம், குறோமியம் 4 வீதம், வனேடியம் 1 வீதம். சுமார் 600 பாகை செல்சியஸ் வரை அது கடினம் இழக்காது.

டெய்லர் தன் 26 ஆண்டுப் பரிசோதனைகளை 1906இல் வெளியிட்டார். அதற்காக அவர் சுருளாக்கிய இரும்பும் உருக்கும் 8 இலட்சம் இறாத்தலுக்கும் மேல். வெட்டும் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என்று அவர் கண்டார். கட்டரின் வடிவமும் கோணமும் அவற்றில் அடங்கும். பிறகு அவர் எடுத்த முடிவுதான் உலகின் தொழிற்சாலைகளை மாற்றியது: லேத் ஓட்டுபவர் தன் கட்டரைத் தானே தீட்டக் கூடாது, தனி அறையில், தனி ஆட்கள், ஒரே அச்சில் தீட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே சாப்டை ஆயிரக்கணக்கில் கடையும் ஆலைக்கு அது சரியான முடிவு. காலையில் பம்பு புஷ், மத்தியானம் படகு எஞ்சினின் சாப்ட், பின்னேரம் உழவு இயந்திரத்தின் பின் என்று ஓடும் பட்டறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே உலோகமும் அளவும் மணிக்கு மணி மாறுகின்றன. கோணத்தைத் தீர்மானிக்கும் அறிவு, லேத்துக்கு முன்னால் நிற்பவரிடமே இருந்தாக வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இது வெறும் வசதி அல்ல, பிழைப்பாக இருந்த காலம் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு எனப் பலவும் தடைப்பட்டன. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. யாழ்தேவி ரயில் வருவது நின்றது. 2014இல்தான் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் நீர்த்துப்போகும், உள்ளே தேய்மானம் கூடும். உதிரிப்பாகம் வெளியிலிருந்து வராத ஊரில், தேய்ந்ததை நிரப்பிக் கடைந்தோ புதிதாகக் கடைந்தோதான் ஓட்ட வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத இடத்தில் லேத்தைச் சுழற்றவே ஓர் எஞ்சினும் வார்ப்பட்டியும் தேட வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு நிமிடச் சுழற்சியிலும் கட்டர் சரியாக வெட்ட வேண்டும்.

புதுக் கட்டர் வாங்க வழியில்லாத பட்டறையில் முறிந்த துளைக்கம்பியும், மின்வாளின் உடைந்த அலகும் கட்டராகும். ஆனால் கையில் இருப்பது எச்.எஸ்.எஸ்.தானா, வெறும் காபன் உருக்கா? கேட்க வேண்டியது சாணைக்கல்லிடம். கம்பியைக் கல்லில் மெல்லத் தொடுங்கள். காபன் உருக்கு வெளிர்மஞ்சளாக நீண்ட பொறிகளை விடும். அவற்றின் நுனியில் காபன் வெடித்துப் பல கிளைகளாகச் சிதறும். தங்குதன் மிகுந்த எச்.எஸ்.எஸ். அப்படி வெடிக்காது. மங்கிய செந்நிறக் கோடுகள், விட்டுவிட்டு, குறைவாகத்தான் வரும். இரண்டையும் ஒருமுறை அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு வாழ்நாள் முழுவதும் சந்தேகம் வராது.

சாணை பிடிக்கக் கற்பது எப்படி? நல்ல ஆசிரியர் முதல் நாளே எச்.எஸ்.எஸ். துண்டைக் கொடுக்க மாட்டார். மலிவான மைல்ட் ஸ்டீல் சதுரக் கம்பியைக் கொடுத்து, அதில் அதே முகங்களைச் செய்யச் சொல்வார். 150 மில்லிமீற்றர் சாணைக்கல் நிமிடத்துக்கு 2850 முறை சுற்றினால், அதன் ஓரம் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு எதிரே கம்பியை ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் வைத்து, இடம் வலமாக மெல்ல நகர்த்த வேண்டும். கை சிறிது மாறினாலும் கல் அதைப் பதிந்துவிடும்: ஒரே முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று முகங்கள் வெளிச்சத்தில் தனித்தனியாக மின்னும். முகத்தில் மார்க்கர் மையைப் பூசிவிட்டுத் தொட்டால், கல் எங்கே படுகிறது என்று மை அழிந்த இடம் சொல்லும். பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் பிழை அவசரம். கம்பியை அழுத்துவார்கள், கம்பி சுடும், கை நடுங்கும். அப்போது பட்டறையில் வரும் சொல் இதுதான்: "தம்பி, அமத்தாதை. கல்லு தன்ர பாட்டில தின்னட்டும்."

அந்தச் சொல்லில் உலோகவியல் இருக்கிறது. சூடான உருக்கின் மேல் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் வளர்கிறது. அதன் தடிப்புக்கு ஏற்ப ஒளி அலைகள் குறுக்கிட்டு, முதலில் வைக்கோல் நிறம், பிறகு கபிலம், ஊதா, சுமார் 300 பாகையில் நீலம் தெரியும். காபன் உருக்கில் நீலம் கண்டால் அந்த நுனி இளகிவிட்டது என்று பொருள். அதைத் தீட்டித் தள்ளிவிட்டுப் புது நுனி எடுக்க வேண்டும். எச்.எஸ்.எஸ். அப்படியல்ல. அதைப் பதப்படுத்தும்போதே சுமார் 550 பாகைக்குச் சூடாக்கியிருப்பதால் நீலம் அதைக் கெடுக்காது. அதைக் கெடுப்பது, மிகச் சூடான நுனியைத் திடீரென்று நீரில் முக்குவது. கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்புகள் விழுந்து, பிறகு லேத்தில் நுனி துணுக்காக உடையும். சுடச் சுட முக்குவதைவிட, சூடேற விடாமல் அடிக்கடி நனைத்து எடுப்பதே சரி. கிறைண்டரிலிருந்து வந்த விளிம்பு உருப்பெருக்கியில் அரம்போலத் தெரியும். எண்ணெய்க்கல்லில் சில முறை இழுத்து அதை நேராக்கினால் கட்டரின் ஆயுள் கூடும்.

திருகாணி வெட்டும் கட்டருக்கு மட்டும் கண்மதிப்பு போதாது. 1841இல் ஜோசப் விற்வேர்த் வகுத்த பிரித்தானிய மரை 55 பாகை. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் உடன்பட்ட மரையும் இன்றைய மெற்றிக் மரையும் 60 பாகை. பழைய ஆங்கிலேய இயந்திரங்களும் புதிய ஜப்பானிய இயந்திரங்களும் அருகருகே வந்து நிற்கும் பட்டறையில் இந்த ஐந்து பாகை முக்கியம். மாற்றி வெட்டினாலும் நட் ஏறக்கூடும். ஆனால் மரையின் பக்கங்கள் முழுதாகப் பொருந்தாமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும், அதிர்வில் கழன்றுவிடும். ஆகவே 55க்கும் 60க்கும் வெட்டு வைத்த சிறு தகட்டு மானியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் ஒளி கசியாத வரை தீட்டுகிறார்கள்.

இன்று கடைகளில் காபைட் துண்டுகள் கிடைக்கின்றன. 1923இல் ஜேர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமை பெற்ற தங்குதன் காபைட், எச்.எஸ்.எஸ்.ஸைவிட ஐந்து மடங்கு வேகத்திலும் வெட்டும். தீட்டவும் வேண்டாம், மழுங்கினால் திருப்பி மாட்டலாம். ஆனால் அந்த வேகத்தை லேத் கொடுக்க வேண்டும். 25 மில்லிமீற்றர் சாப்டை எச்.எஸ்.எஸ். கட்டரால் நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் கடைய 380 சுற்றுகள் போதும். காபைட்டுக்கு 150 மீற்றர் வேண்டுமென்றால் 1900 சுற்றுகள். தேய்ந்த பெயாரிங்கோடு ஓடும் பழைய லேத் பலவற்றால் அது முடியாது. மெதுவாக ஓட்டினால் காபைட் தன் பலனைத் தராது. சாவிக்குழி உள்ள சாப்டில் இடித்து இடித்து ஓரம் உடையும். காபைட்டைச் சாதாரணச் சாம்பல்நிறச் சாணைக்கல் தின்னவும் மாட்டாது, பச்சைநிற சிலிக்கன் காபைட் கல் வேண்டும். அந்தத் தூளில் உள்ள கோபால்ட் நுரையீரலுக்குக் கேடு. பழுதுபார்க்கும் பட்டறைக்கு இன்னும் எச்.எஸ்.எஸ்.தான் உகந்தது என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை.

கற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். கண்ணாடி இல்லாமல் கிறைண்டருக்கு முன் நிற்க வேண்டாம். கையுறை போட வேண்டாம், சாரம் கட்டிக்கொண்டு லேத் ஓட்ட வேண்டாம். சுழல்வது எதுவும் துணியை விடாது. புதுக் கல்லை மாட்டுமுன் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள்: மணிச் சத்தம் வந்தால் நல்லது, மொக்கைச் சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு. தாங்குபலகைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். கம்பி உள்ளே சிக்கினால் கல் சிதறும்.

இன்னொரு வேண்டுகோள் நிறுவனங்களுக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. கணினி ஓட்டும் லேத்தைக் கற்பிப்பது அவசியம்தான். அதனோடு, குடாநாட்டின் பட்டறைகளில் தடை நாட்களில் வேலை செய்த மூத்த கைகள் தீட்டிய கட்டர்களைச் சேகரித்து, அவற்றின் கோணங்களை அளந்து, எந்த உலோகத்துக்கு எது என்று கேட்டுப் பதிவு செய்ய ஒரு மாணவர் குழுவை அனுப்புங்கள். கோணமானியும் உருப்பெருக்கியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் அந்த ஆய்வுக்குப் போதும். அந்தக் கைகளில் பலவற்றுக்கு இப்போது எழுபது வயதாகிறது.